பாக்கியம் அன்ரி எடுத்து வந்த எரிமலைக் கல்

புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு ட்ரவல் ஏஜென்சியில் இருபது வருடம் விமான ரிக்கெற் போட்டேன். ரிக்கெற்றில் விட்ட பிழைகளை எப்படியோ திருத்தியிருக்கிறேன். திருத்தத் தெரியாமல் முழித்தது ஒரு கல் விஷயத்தில்தான்.

ஹவாய் எரிமலைக்கு முதன்முதலாக ஒரு குறூப் அனுப்பினேன். அவர்கள் திரும்பி வந்தபின், அடுத்த குறூப்புக்கு இன்ஸ்ரக்‌ஷன் ஷீற் அடிக்கும்போதுதான் விதிகளை ஒழுங்காக வாசித்தேன். அது பாதுகாக்கப்பட்ட பூங்கா; ஒரு கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. முதல் குறூப்புக்கு நான் இதைச் சொல்லவேயில்லை. ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்துக் கேட்டேன். கல் எதுவும் எடுக்கவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரிலிருக்கும் பாக்கியம் அன்ரி மட்டும் ஒத்துக்கொண்டார்.

"ஓம் தம்பி, ஒண்டு எடுத்தனான். லிங்கம் மாதிரிக் கிடந்துது. சாமியறையில வைச்சு ஒவ்வொரு நாளும் பால் ஊத்திறன்."

"அதைத் திருப்பி அனுப்பவேணும், அன்ரி. அந்த ஊர்ச் சனத்துக்கு அந்த மலையே சாமியாம்."

"ஐயோ! அப்ப நான் சாமியைக் களவெடுத்தனானோ? என்ர மனுசனுக்கு வாற கிழமை ஹார்ட் ஒப்பரேசன். இப்ப அனுப்பினா நல்லதோ, வைச்சிருந்தா நல்லதோ? நீங்களே சொல்லுங்கோ."

வைத்திருங்கள் என்றால் களவுக்குத் துணை. அனுப்புங்கள் என்று சொல்லி அங்கிளுக்கு ஏதும் நடந்தால்? விமானத்தில் சீற் இல்லாதபோது பயணிகளுக்குச் சொல்வதைப்போல, "நாளைக்குச் சொல்லுறன்" என்று ஃபோனை வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அன்ரியே ஏஜென்சிக்கு வந்தார். கையில் பட்டுத்துணியில் சுற்றிய கல்.

"களவெடுத்த சாமியிட்டை எப்பிடித் தம்பி அவரைக் காப்பாத்தச் சொல்லிக் கேக்கிறது? அனுப்புவம்."

பூங்காவுக்கே அனுப்ப, இருவரும் தபால் கந்தோருக்குப் போனோம். படிவத்தில், உள்ளே இருப்பது என்ன என்று கேட்டிருந்தார்கள். "லிங்கம் எண்டு எழுதவோ, அன்ரி?" என்று கேட்டேன். அன்ரி கல்லிலிருந்த திருநீற்றை ஜக்கெற் கையால் துடைத்தார். "கல்லெண்டே எழுதுங்கோ." அவர் கண் கலங்கியிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, ரிக்கெற் போடுமுன் போகுமிடத்தின் விதியை வாசியுங்கள். கல் எடுக்காதீர்கள் என்பதை ஷீற்றின் முதல் வரியில் போடுங்கள். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

ஒப்பரேசன் முடிந்து அன்ரி ஃபோன் எடுத்தார்.

"அவர் சுகம், தம்பி. ஆருக்கு நன்றி சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை. கல் இருந்த இடத்தைப் பாத்துத்தான் கும்பிட்டனான்."