கூடைக்குள் போன வளையல்

ஒரு தாயிடமிருந்து ஐந்து வயதுப் பெண்பிள்ளையைப் பிரித்தவன் நான். அந்தப் பிள்ளையின் நோய் அல்ல. அவள் தகப்பனும் அல்ல. நான்தான்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஓர் இரக்கம் வரும். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்காரன் மகன், வீட்டில் முதன்முதலாகப் படித்தவன், இளவயது, ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக ஒரு சமாதானம் தேடுகிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். படித்திருந்ததனால்தான் அதைச் செய்யவே முடிந்தது. படிக்காதவனுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்திருக்காது.

திண்டிவனத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் நடந்த சிறப்புப் பள்ளியில் எனக்கு வேலை. விழுப்புரத்தில் பட்டப்படிப்பு, பிறகு சென்னையில் சில மாதப் பயிற்சி. அன்றாட வேலைகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது; ஆக்குபேஷனல் தெரபி உதவியாளன் என்று பெயர். அது என் அப்பாவின் வாயில் நுழையவில்லை. "எம் புள்ள டாக்டராண்ட இருக்கிறான்" என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்.

மல்லிகா என்னிடம் வந்த பிள்ளை. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்றார், மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து எங்களுக்கு வழிகாட்டிய மேடம். எங்கள் பக்கத்தில் அதற்குமுன் யாரும் கேட்டிராத சொல். ஊரில் அதற்குப் பெயர் சாமி குத்தம்.

அவளுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியும், மணி கோக்கத் தெரியும். ஒன்றை எங்கே தொடங்குவது, எப்போது விடுவது, அடுத்தது என்ன... அதுதான் பிடிபடாது. டம்ளரை வாங்கினால் அதைப் பிடித்தபடியே நின்றுவிடுவாள். உங்களுக்கும் எனக்கும் உள்ளே இருந்து ஒரு குரல் 'ம், அடுத்தது' என்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலை அவளுக்குக் கண்ணெதிரே எடுத்து வைக்க வேண்டும்.

அதற்குத்தான் பலகை. அதன்மேல் வரிசையாகப் பொருள்களை வைப்போம். டம்ளர் என்றால் தண்ணீர். நூல் என்றால் மணி கோக்கும் வேலை. தட்டு என்றால் சாப்பாடு. ஒவ்வொரு வேலையும் ஆனதும் அதற்குரிய பொருளை மூடிபோட்ட பனையோலைக் கூடைக்குள் போட்டு, "முடிஞ்சுது" என்று சொல்லி மூடுவோம். கூடைக்குள் போனதை, அழுதாலும் புரண்டாலும், அன்றைக்கு வெளியே எடுப்பதில்லை. நாங்கள் ஒரு நாளும் அந்த விதியை மீறியதில்லை. மீறாததனால் மல்லிகா அந்தக் கூடையை நம்பினாள்.

வரிசையின் கடைசியில் ஒரு பச்சை ரப்பர் வளையல் இருக்கும். அவள் அம்மா கனகம்மாவின் வளையல் அது. காலையில் விட்டுப்போகும்போது கழற்றிப் பலகையில் வைப்பார். மாலையில் அவர் வந்ததும் மல்லிகா அதை எடுத்துக்கொண்டு ஓடி, தானே அம்மாவின் கையில் மாட்டி, மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி உருட்டுவாள். அதன்பிறகுதான் வீட்டுக்கு.

"வளையலை மட்டும் கூடையில போட்டுடாதீங்க" என்று மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "நாம காட்டுறதை இந்தப் பிள்ளைங்க அப்படியே எடுத்துக்கும்."

கேட்டுக்கொண்டீர்களா? எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கனகம்மா குடும்பத்துக்குத் திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊர்ப் பிரம்மதேசத்தில் நிலம், பம்புசெட்டு எல்லாம் உண்டு. அந்த நிலத்தில்தான் என் அப்பா கூலிக்கு மல்லாட்டை பறித்தார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கனகம்மாவின் கணவர் என்னைப் பள்ளியில் முதன்முதலில் பார்த்தபோது, "நீ நம்ம ஏழுமலை மவன்தானே?" என்றார். நம்ம ஏழுமலை! அவர் வீட்டு ஏர்க்கலப்பையைச் சொல்வதுபோல. என் அப்பா அவரை ஐயா என்பார். நான், "ஆமா சார்" என்றேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு இனித்தது.

கனகம்மா மட்டும் என்னைத் தம்பி என்றார். மூடி வைத்த தூக்கில் கேப்பை அடை கொண்டுவந்து கொடுப்பார். நான் வாங்கிக்கொள்வேன். சாப்பிடாமல் நாய்க்குப் போடுவேன். ஏன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்கு என்ன செய்தார்?

பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஓர் அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் பள்ளிக்கு உதவி கிடைக்கும், என் வேலை நிரந்தரமாகும் என்று நிர்வாகி சொல்லியிருந்தார். மல்லிகா பலகை வேலையைச் செய்து காட்ட வேண்டும். பெற்றோரையும் அழைத்திருந்தோம்.

கனகம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மல்லிகா அவரைப் பார்த்தாள். அம்மா வந்துவிட்டாள், அப்படியானால் இது வளையலின் நேரம். டம்ளரைத் தொடாமல் நேரே வளையலை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் செய்தது சரி. நாங்கள் கற்பித்ததை எங்களைவிட ஒழுங்காகச் செய்தாள். அம்மாவை எதிரே உட்கார வைத்த தவறு என்னுடையது.

பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். மறுபடி ஓடினாள். விரல்களைப் பிரித்து வளையலைப் பிடுங்கினேன். அலறினாள். பலகையில் நெற்றியை மோதினாள்.

"என்னா தம்பி, மெட்ராஸ் போயி இதைத்தான் படிச்சுக்கினு வந்தியா?" என்று நிர்வாகி பல்லைக் கடித்தார்.

பின்வரிசையிலிருந்து கனகம்மாவின் கணவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏழுமலைக்கு எதுக்கு இந்த பேஜாரு? பையன் நம்ம களத்துல மல்லாட்டை ஒடச்சுக்கினு இருந்தா கூலியாவது மிஞ்சியிருக்கும்."

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

நான் வளையலைக் கூடைக்குள் போட்டேன். மல்லிகாவின் முகத்துக்கு நேரே, அவள் பார்க்கும்படி போட்டேன். "அம்மா முடிஞ்சுது" என்றேன். மூடியை அழுத்தினேன்.

அலறல் நின்றது... அப்படியே நின்றது. மூடியைப் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்தாள், குடித்தாள், கூடையில் போட்டாள். மணி கோத்தாள். ஒன்றுகூடப் பிசகாமல் செய்து முடித்தாள். கைதட்டினார்கள். அதிகாரியின் மனைவி என்னிடம் வந்து, எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்று பாராட்டினார்.

விழா முடிந்ததும் கனகம்மா கைகளை விரித்துக்கொண்டு வந்தார். மல்லிகா அவரைக் கடந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்க்காமல் இல்லை, பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு அந்த நொடியே விளங்கியது. மறுநாள் காலை வளையலைப் பலகையில் திரும்ப வைத்து, மாலையில் அம்மாவை வரவழைத்து, பொறுமையாகத் தொடர்ந்திருந்தால் சரியாகியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் கனகம்மா, "வளையல் எங்க தம்பி? கடைசியில வெக்கணுமே" என்றார்.

"இனிமே வேணாங்க. பாப்பா அந்த ஸ்டேஜைத் தாண்டிட்டா."

"அப்படியா? நல்லதுதானே தம்பி?"

"நல்லதுதாங்க."

மகிழ்ச்சியோடு பஸ்ஸுக்குப் போனார். மல்லிகா காலையில் அழுவது நின்றுபோயிற்று. நிர்வாகிக்குத் திருப்தி. என் வேலை நிரந்தரமானது. வளையல் என் மேசை இழுப்பறைக்குள் போனது.

பிறகு வீட்டில் அம்மா கையால் சாப்பிடுவதை மல்லிகா நிறுத்தினாள். அத்தை ஊட்டினால் சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் படுத்தால் எழுந்து வேறு பாய்க்குப் போனாள். கனகம்மா ஒருநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"எம் பொண்ணு என்னைக் கண்டா செவுத்தைக் கண்ட மாதிரி போறா தம்பி. நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

நான் சொன்னதைக் கேளுங்கள். "இந்த நோயே அப்படித்தாங்க. இதுங்களுக்கு அம்மான்னு தனியா எதுவும் கிடையாது."

இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. தினமும் மாலையில் வளையலைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால்களைப் பார்த்தவன் நான்.

மல்லிகாவைச் சென்னையில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவள் அப்பா முன்பிருந்தே சொல்லிவந்தார். தன்னைக் கண்டால் ஓடிவருகிற பிள்ளையை எப்படி விடுவது என்று கனகம்மா மறுத்துவந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான். நான் அதைப் பிடுங்கியிருந்தேன்.

கடைசியாக அவர் என்னிடம்தான் வந்தார். "நீ படிச்சவன். நீ ஒரு வார்த்தை சொல்லு தம்பி. என்னிக்காவது ஒருநாள் அவ என்னை அம்மான்னு தெரிஞ்சுக்குவாளா? தெரிஞ்சுக்குவான்னா, அவரு வெட்டிப்போட்டாலும் நான் அனுப்ப மாட்டேன்."

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"சொல்ல முடியாதுங்க" என்றேன்.

அவ்வளவுதான். மல்லிகா போய்விட்டாள். அடுத்த முறை மேடம் வந்து கேட்டபோது, குடும்பத்தார் எடுத்த முடிவு என்றேன். "வளையல்?" என்றார். அவர்களே கொண்டுபோய்விட்டார்கள் என்றேன்.

இப்போது நான் விழுப்புரத்தில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். போன தை மாதம் பஸ் நிலையத்தில் யாரோ "தம்பி" என்றார்கள். கனகம்மா. இளைத்திருந்தார். மகளைப் பார்த்துவிட்டு, வளவனூரில் இருக்கும் தங்கையிடம் போய்க்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஆசை காட்டினாங்க. சாமிகிட்ட போ, மந்திரிச்சிக்க, சரியாப் பூடும்னாங்க. நீ ஒருத்தன்தான் தம்பி உண்மைய சொன்னே" என்றார்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் புரியல. நான் போனா வர்றா. எங் கையைப் பிடிச்சு இங்க..." தன் மணிக்கட்டைக் காட்டினார். வெறும் மணிக்கட்டு. "இங்க வெரலை வெச்சு சுத்திச் சுத்திப் பாக்குறா. அப்புறம் கையை உட்டுட்டுப் போய்டுறா. ஒவ்வொரு வாட்டியும் இதேதான். ஏன் தம்பி அப்படிப் பண்றா?"

அவள் தேடுகிறாள்! இத்தனை காலமும் தேடிக்கொண்டிருக்கிறாள். கூடையிலிருந்து அது வெளியே வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறாள். ஒரு பச்சை வளையலைப் போட்டுக்கொண்டு போங்கள் அம்மா... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியலீங்க" என்றேன்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும், அப்பாவை அந்த நிலத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை. உலகத்தில் ஒரே ஒருவர் என்னை உண்மை சொன்னவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அதை இழக்க எனக்கு மனமில்லை.

வளையல் என்னிடம்தான் இருக்கிறது. ரப்பர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, உடையவில்லை. திண்டிவனம் போய், அங்கிருந்து பிரம்மதேசத்துக்குப் பஸ் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம். வழி எனக்குத் தெரியும். இந்த ஞாயிறும் நான் போகவில்லை.