ஆபரேட்டர் வீட்டு டிவி

டிவி மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவரிடம்தான் வருவார்கள். மற்ற கடைகளில் "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று அரை நிமிடத்தில் வழியனுப்பிவிடுவார்கள். இவர் திட்டிக்கொண்டே வாங்கி வைப்பார், திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பார். அவர் திட்டுவது பெரும்பாலும் டிவியைத்தான். சில சமயம் அது டிவியின் சொந்தக்காரர் மேலும் தெறிக்கும், அதைத் துடைத்துவிடுவது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியின் வேலை.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டிவிகளுக்கு ஒரு வியாதி வரும். சிவப்பு விளக்கு எரியும், கம்பெனிப் பெயர் திரையில் வந்து நிற்கும், அதற்கு மேல் நகராது. உள்ளே அரை நகம் அளவில், பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் வைத்த ஒரு சிப் இருக்கிறது. தான் என்ன மாடல், எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று டிவிக்குத் தெரிந்ததெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். நாளாக ஆக அந்த எழுத்து கெட்டுப்போகும். சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி, கம்ப்யூட்டரில் மாட்டி, அதே மாடலின் சாஃப்ட்வேரைப் புதிதாக எழுதித் திரும்பப் பற்றவைக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். ஒரே மாடல் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், உள்ளே ஆறு விதமாகச் செய்து வைத்திருப்பார்கள். அதில் எது நம்முடையது என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

அதனால்தான் மெக்கானிக் ஒரு விரதம் மாதிரி ஒரு பழக்கம் வைத்திருந்தார். கழற்றிய சிப்பில் இருப்பதை, அது எவ்வளவு கெட்டிருந்தாலும், முதலில் இரண்டு முறை படித்துக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்வார். பிறகுதான் அழிப்பார். பாதி கெட்ட எழுத்தானாலும் எந்த வெர்ஷன் என்பதாவது அதில் தெரிந்துவிடும். மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் சாஃப்ட்வேர் அனுப்பிக்கொள்ளும் போன் குரூப்பில், படிக்காமல் அழித்துவிட்டு "அண்ணே, ஃபைல் இருந்தா அனுப்புங்க" என்று வந்து நிற்பவர்களை இவர் வாய் கிழியத் திட்டியிருக்கிறார். ஒருவன் அந்தத் திட்டுத் தாங்காமல் குரூப்பை விட்டே போய்விட்டான்.

அப்பேர்ப்பட்டவர், டெலிபோன் ஆபரேட்டரின் டிவியில் அதே தப்பைச் செய்தார்.

ஆபரேட்டர் என்றால் ரிட்டயர் ஆனவர். முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். அவருடைய டிவியை ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார். மெக்கானிக் சிப்பைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று நாலாவது முறையாக "என்னோடது ஆச்சா?" என்றார்.

"ஆனா நானே கூப்பிட மாட்டேனா? உங்க டிவியை வச்சு நான் என்ன, வீடா கட்டப்போறேன்?" என்று திரும்பிக் கத்தினார் மெக்கானிக். கத்தின வேகத்தில் கை 'படி' என்ற பட்டனுக்குப் பதிலாக 'ஆட்டோ' என்ற பட்டனை அழுத்திவிட்டது. அந்தப் பட்டன் எதையும் கேட்காது, அழித்து எழுதிவிடும். அவர் திரும்பிப் பார்த்தபோது பச்சைக் கோடு ஓடி முடிந்திருந்தது. காலையில் வேறு டிவிக்காகத் திறந்துவைத்திருந்த சாஃப்ட்வேர் ஆபரேட்டரின் சிப்பில் ஏறியிருந்தது. பழையது போனது போனதுதான்.

மெக்கானிக் மனைவியிடம் மட்டும் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

"குரூப்ல போட்டுடவா?" என்றாள் அவள்.

அன்றைக்கே சேமிப்பைத் துழாவி, அதே மாடல் பெயரில் மூன்று ஃபைல் எடுத்தார். முதல் ஃபைலை ஏற்றி, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ரிமோட்டை நாலு தட்டுத் தட்டினார். படம் தலைகீழாக வந்தது. செய்தி வாசிப்பவர் திரையின் மேல் விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டு வாசித்தார். "த்தூ, இவனுங்களும் இவனுங்க ஃபைலும்!" என்று கத்திவிட்டு அதைக் கழற்றினார். இரண்டாவதில் முகமெல்லாம் பச்சையாக வந்தது. மூன்றாவதில் படம் பளிச்சென்று, புதுப் பெட்டி மாதிரி இருந்தது. மெக்கானிக் நிம்மதியாக மூச்சு விட்டார். சாயங்காலமே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஆபரேட்டர் போன் செய்தார். "தம்பி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. டிவில சத்தம் இல்ல."

ஓடிப் போய்ப் பார்த்தால் டிவி அலறிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "இதோ கத்துதே சார்!"

"அது நிகழ்ச்சி. நான் சொல்றது பட்டன் சத்தம்." ஆபரேட்டர் நாற்காலிக் கையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த ரிமோட்டைத் தடவி எடுத்தார். "இந்த டிவில எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'டிங்'னு ஒரு சத்தம் வரும். கடைசிக்குப் போயிட்டா ரெண்டு டிங். அதை எண்ணித்தான் நான் எல்லாம் செய்வேன். கீழ நாலு, வலது ரெண்டுன்னா தூங்குற டைமர், டிவி தானா அணைஞ்சுடும். இப்ப அழுத்தினது விழுந்துச்சா இல்லையான்னே தெரியல. நேத்து எங்கயோ போய் மாட்டிக்கிட்டு, அணைக்கக்கூட முடியாம கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்."

"படம் கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆபரேட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "என் மக ரொம்ப நாளா அவ வீட்டுக்கே வந்துடச் சொல்றா. நல்ல பொண்ணுதான். ஆனா அங்க தண்ணி குடிக்கக்கூட என்னை எழுந்திரிக்க விடமாட்டா. இங்க பட்டன் அழுத்த ஆள் வேணும்னு தெரிஞ்சா, மறுநாளே பெட்டியைக் கட்டிடுவா. மாசக் கடைசில வர்றா. அதுக்குள்ள பழைய சாஃப்ட்வேரையே போட்டுத் தந்துடுங்க. பழைய சிப் உங்ககிட்டதானே இருக்கு?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "இல்லீங்க சார். அது செத்துப்போயிருந்துதுங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"சரி" என்றார் ஆபரேட்டர்.

டிவி திரும்பக் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சனி பிடித்தது. குரூப்பில் கேட்டால் மானம் போகும். அடுத்த ஊரில் அவரை 'மாப்ளே' என்று கூப்பிடும் அளவுக்குப் பழகின ஒரு மெக்கானிக்கிடம் ரகசியமாகக் கேட்டார். அவன் பதினேழு ஃபைல் அனுப்பினான், எல்லாவற்றுக்கும் 'நிச்சயம் ஓடும்' என்று பெயர் வைத்து. ஒன்றில் எழுத்தெல்லாம் யாருக்கும் புரியாத பாஷையில் வந்தது. ஒன்றில் சத்தத்தைக் கூட்டினால் குறைந்தது. மூன்று ஃபைல் ஏதோ ஹோட்டல் ரூமுக்குச் செய்தவை, ஒரு சேனலுக்கு மேல் மாற மாட்டேன் என்றன. படம் நன்றாக வந்ததில் எல்லாம் டிங் இல்லை. ஒவ்வொரு முறையும் சிப்பைக் கழற்று, எழுது, பற்றவை, எரியவிடு, திட்டு, மறுபடி கழற்று. சிப்பின் ஒரு கால் ஒடிந்து போனது. புதுச் சிப் வாங்கினார். மற்றவர்கள் டிவியெல்லாம் சுவர் ஓரமாக வரிசை கட்டி நின்றன.

இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆபரேட்டர் போன் செய்வார். கோபப்பட்டால்கூடத் தேவலை, திருப்பிக் கத்தலாம். அவர் "ஆச்சா தம்பி?" என்று மட்டும் கேட்பார். மெக்கானிக் "நாளைக்குங்க சார்" என்பார்.

பதினோராவது நாள் மத்தியானம், சூடு காட்டும் துப்பாக்கியைத் தூக்கி மேஜையில் எறிந்தார். "இந்த ஒரு டிங்குக்காக என் உசிரு போகுது! எவன்டா இந்த டிங்கைக் கண்டுபிடிச்சவன்?"

மனைவி கணக்கு எழுதிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "முதல் நாள் போட்டீங்களே, அதை ஏன் எடுத்தீங்க?"

"எது? தலைகீழா வந்துச்சே, அதா? உனக்கு ஏதாவது..."

"அதுல டிங் வந்துச்சே."

"என்னது?"

"நாலு தடவை வந்துச்சு. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன், படத்தைப் பாக்கல. சத்தம் கேட்டுச்சு."

"அப்ப எனக்கு ஏன் கேக்கல?"

"நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க."

"பதினோரு நாளா வாயில என்ன வச்சிருந்தே?"

"நீங்க தேடுறது அந்தச் சத்தம்தான்னு என்கிட்ட எங்க சொன்னீங்க? இப்பதானே டிங்குங்கிறீங்க. கேட்டப்பெல்லாம் 'உனக்குப் புரியாது, போ'ன்னீங்க."

மெக்கானிக் முதல் ஃபைலைத் தேடி எடுத்தார். ஏற்றினார். ரிமோட்டை அழுத்தினார். டிங். கீழே நாலு, வலது இரண்டு. தலையைச் சாய்த்துக் கவிழ்ந்து பார்த்தார். தூங்குகிற டைமர்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். படம் தலைகீழாகவே நின்றது. மெக்கானிக்குகள் மட்டும் நுழையும் ரகசிய மெனுவுக்குள் போய்ப் பார்த்தார், அதில் திருப்ப வழியில்லை. திரையையே கழற்றித் திருப்பிப் பொருத்தலாம் என்றால் உள்ளே ரிப்பன் ஒயர் எட்டவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு டிவியை அவர் யார் வீட்டிலும் வைத்ததில்லை. வேறு வழி தெரியாமல், ஆபரேட்டரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்கலாம் என்றுதான் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்று மாடி ஏறி, டிவியை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்தார். ஆபரேட்டர் அழுத்தினார். டிங், டிங், டிங். செய்தி வந்தது. கீழே நாலு, வலது இரண்டு. கடைசிவரை போய் இரண்டு டிங் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான். இதேதான் தம்பி."

"சார், ஒரு சிக்கல் இருக்கு. படம் தலைகீழா வருது. ஒரு வாரம் குடுத்தீங்கன்னா..."

ஆபரேட்டர் தலையைத் திருப்பினார். "எதுக்கு?"

"இல்ல, உங்க பொண்ணு வந்து பாத்தா..."

"பாக்கணும்னா டிவியைக் கவுத்து வச்சுப் பாக்கட்டும். நான் கேக்குற டிவி இது."

மெக்கானிக்குக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், இன்னொண்ணும் சொல்லிடுறேன். உங்க சிப் சாகல. நான்தான் படிக்காம அழிச்சுட்டேன். தப்பு என்மேல."

"தெரியும்."

"எப்படி?"

"முப்பது வருஷம் குரலை மட்டும் வச்சு வேலை பாத்தவன் நான். நீங்க உண்மை பேசும்போது கத்துவீங்க. அன்னைக்கு மட்டும் 'இல்லீங்க, செத்துப்போயிருந்துதுங்க'ன்னு அவ்வளவு மரியாதை." ஆபரேட்டர் சிரித்தார். பிறகு கேட்டார், "சரி, இது எப்ப கிடைச்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மரியாதையாகப் பேச வேண்டியிருக்கும். "முதல் நாளே கிடைச்சுது. படம் தலைகீழா இருக்கேன்னு நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்."

ஆபரேட்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. ரிமோட்டை மடியில் வைத்தார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா, அன்னைக்கே கொண்டாங்கன்னு சொல்லியிருப்பேனே. பதினோரு நாள் இந்த ரூம்ல ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி."

மெக்கானிக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினார். இரண்டாவது மாடிவரை டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.