வாக்கி டாக்கியில் சாப்பாட்டுப் பேச்சு

நான் சின்னசேலம் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவர் வண்டி என் டியூட்டியில் கடக்கும்போது வாக்கி டாக்கியில் நான் சிக்னலைச் சொல்வேன், அவர் அதையே திருப்பிச் சொல்வார். அதுதான் முறை. அப்புறம் முறையில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுவார்: "சாப்ட்டியா?"

ஒரே சேனல். பக்கத்தில் செட் வைத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும். தண்டவாளம் மாற்றிவிடும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன் சும்மா விடமாட்டார். "எங்களையும் கொஞ்சம் கேளுங்க சார், வயிறு காயுது" என்பார். வழிவிடுவதற்காக லூப் லைனில் வேறு வண்டி நின்றால் அதன் கார்டும் சேர்ந்துகொள்வார். டியூட்டியில் என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் திட்டுவேன். மறுபடியும் கேட்பார்.

மாமனார் மழைக்காலத்திலிருந்தே கரியாலூரில் மகள் வீட்டில் படுக்கையில் கிடந்தார். அன்று மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். "அப்பா பூட்டாரு அண்ணி. நாளைக்குத்தான் எடுக்கறோம். அண்ணன் போன் ஆஃப்ல கீது, நீங்களே சொல்லிடுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவரை வழியில் இறக்கிவிட முடியுமா என்று கன்ட்ரோல் ரூமில் கேட்டேன். மாற்று டிரைவர் சேலத்தில்தான் என்றார்கள். அப்படியானால் சேலம் போய்ச் சேரும்வரை அவருக்குத் தெரியக்கூடாது. அந்தச் சேதியோடு அவர் அத்தனை வேகன்களை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பாயிண்ட்ஸ்மேனிடமும், லூப்பில் நின்ற வண்டியின் கார்டிடமும் விஷயத்தைச் சொல்லி, வாய் தவறி உளறிவிடாதீர்கள் என்றேன்.

செட் கரகரத்தது. "த்ரூ சிக்னல் குடுத்தாச்சு, மெயின் லைன்ல போலாம்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. அவர் திருப்பிச் சொன்னார். அப்புறம், "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அதற்குப் பிறகு சேனலில் யாரும் பேசவில்லை. பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்தில் நின்றேன். அவரும் இன்ஜினிலிருந்து கொடி காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சேலத்திலிருந்து கூப்பிட்டார். நான் ஆரம்பிப்பதற்குள், "அப்பாவ எப்ப எடுக்கறாங்க?" என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. யாரும் கிண்டல் பண்ணலியே, அப்பவே தெரிஞ்சிபோச்சு. அங்க கேட்டா நீ அழுவ. அதான் அப்படியே ஓட்டிக்கினு வந்துட்டேன்."

நான் அப்போதும் அழவில்லை. "நாளைக்கு எடுக்கறாங்க" என்றேன்.

"நாளைக்கு எடுக்கறாங்க" என்று அவர் திருப்பிச் சொன்னார்.