பூக்கட்டிப் பார்த்த சிவப்புக் கார்

ஜோதியின் காரில் பின்சீட்டில் ஏறுவதென்றால் முதலில் தலையைக் குனிய வேண்டும், பிறகு முதுகை வளைக்க வேண்டும், பிறகு மானம் மரியாதையைப் பார்க்காமல் உள்ளே விழ வேண்டும். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். மூலத்தோப்பில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு எதிர் வீடு அவள். தங்கமான பெண். அந்தக் கார் விஷயத்தில் மட்டும் புத்தி பிசகிவிட்டது என்று நான் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் அவளுக்கு வேலை. கல்யாணக் கூட்டம் வந்து உட்காரும். பெண்ணுக்கு ஒரு நிறம் பிடிக்கும், பெண்ணின் அம்மாவுக்கு வேறொன்று, வரப்போகிற மாமியாருக்கு இரண்டுமே பிடிக்காது. அத்தனையையும் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டி, மறுபடி மடித்து வைத்தே பாதி ஆயுசு போயிற்று. தனக்கென்று ஆசைப்பட்டு அவள் எடுத்த நிறம் அந்தக் காரின் மிளகாய்ப்பழச் சிவப்புதான். இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டி. ரேஸ் ஓட்டுகிற பையன்கள் ஆசைப்படும் மாடல். தரையோடு தரையாகக் கிடக்கும், மிதித்தால் சீறும். சேலை கட்டிய நாற்பத்தைந்து வயதுப் பெண் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர் இளவரசன். வையம்பட்டிப் பக்கம் தனியார் பஸ் ஓட்டியவர். லீவு நாட்களில் விடிந்ததும் விடியாததுமாக ஜீயபுரம் ரோட்டுக்குக் கூட்டிப்போய், வாழைத்தோப்புகளுக்கு நடுவே அவளை ஓட்டவிட்டு, தான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஒரு தடவைகூடத் திட்டியதில்லையாம். பெண்டாட்டிக்கு வண்டி சொல்லிக்கொடுத்து, திட்டாமலும் இருந்த ஆம்பிளையை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

போன தை மாதம் அந்த மனிதரின் முதுகு படுத்துவிட்டது. தண்டுவடத்தில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார். உடம்பு குலுங்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும், தள்ளிப்போட்டால் அந்தக் கால் அவ்வளவுதான்.

முதுகுப் பயிற்சிக்காக வாராவாரம் அக்கரையில் தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போவதற்கு இருந்தது அந்தச் சிவப்புக் கார். காவிரிப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போடும் அல்லவா, பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியாது. ஜோதியின் கார் கட்டாந்தரை. ஒவ்வொரு இணைப்பும் நேராக முதுகெலும்புக்கு வரும். இளவரசன் கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "பஸ்ல பாக்காத குலுக்கலா" என்று சிரிப்பார். ஒரு தடவை நானும் உடன் போனேன். சிரித்தது வாய்தான். பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

பாலக்கரையில் பழைய கார் வாங்கி விற்கும் நஜிமுதீன் பாய்தான் முதலில் வழி சொன்னார். உயரமான வெள்ளை வண்டி ஒன்று அவரிடம் வந்திருந்தது. நாற்காலியில் உட்காருகிற மாதிரி ஏறி உட்காரலாம், கியர் மாற்றுகிற வேலை இல்லை, சீட்டு மெத்தை. சிவப்பைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜோதி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

யோசித்தாள், யோசித்தாள், ஒரு மாதம் யோசித்தாள். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால். அவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். அவர் கேட்டால் இவள் "உங்க இஷ்டம்" என்பாள். எதிர் வீட்டில் இருந்துகொண்டு இந்த இஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. காரை விட அவளுக்கு மனமில்லை. மனமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வெட்கம். புருஷனின் முதுகுக்கு மேலே ஒரு காரா என்று ஊர் கேட்பதற்கு முன்னால் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நஜிமுதீன் பாய் போன் செய்தார். வெள்ளை வண்டியைக் கேட்டு வேறு ஆள் வந்துவிட்டாராம். "மஹ்ரிபுக்குள்ள, பொழுது சாயறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது" என்றார்.

ஜோதி போனை வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். மேலூர் ரோட்டு மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறோம், பொட்டலம் எடுக்க நீங்கள் வர வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு இப்படித்தான் செய்வார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்தில். இரண்டையும் வாழை இலைத் துண்டில் ஒன்றுபோல் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் காரை மாற்றுவது, சிவப்பு வந்தால் வைத்துக்கொள்வது என்று பேச்சு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி. அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

யார் கட்டுவது என்று பேச்சு வந்தபோது இளவரசன் கையை நீட்டினார். நிற்க முடியாது, உட்கார்ந்து கட்டுகிற வேலையாவது நான் செய்கிறேன் என்றார். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடி மேடையில் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் இருவருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

பூசாரி தீபம் காட்டிவிட்டு ஒதுங்கினார். ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். எது வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. நான் வெள்ளையாக வரட்டும் தாயே என்று சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

ஜோதி மூச்சை விட்டாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு. முகம் கல்யாணப் பெண்ணின் முகம் போல ஆகிவிட்டது. "அம்மனே சொல்லிட்டா, பாத்தீங்களா" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார். எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது.

எடுக்காத பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜோதி வெளியே வந்தாள். உச்சி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. செருப்பு கிடந்த இடம் வரைக்கும் நாங்கள் இருவரும் குதித்துக் குதித்துப் போனோம். இளவரசன் நிதானமாக வந்து செருப்பை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தார். கார் எதிர்ப்பக்கம், புளியமர நிழலில் நின்றிருந்தது.

நான் குனிந்து என் செருப்பு வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜோதி அசையாமல் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் ஆண் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு.

அவர் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் கால். கொதிக்கிற தாரில் அதை முழுசாக ஊன்றி ஊன்றி, எந்த அவசரமும் இல்லாமல், வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடந்தார்.

ஜோதி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். கார் கதவில் கை வைத்திருந்தவர் முன்னால் நீட்டினாள்.

"உங்க செருப்பு."

அவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். உள்ளங்காலில் தார் அப்பியிருந்தது, ஓரம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் ஜோதி.

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது?

ஜோதி தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாரை அறுத்துவிட்டாள். இலை விரிந்தது. அதற்குள்ளும் சிவப்பு அரளிதான் இருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூக்களைக் கீழே கொட்டிவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மன் சந்நிதில வச்சு என்னை ஏமாத்துனீங்களா?"

"உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான், ஜோதி" என்றார் அவர். "நான் வேற அதையும் பிடுங்கணுமா?"

"நான் கேட்டனா உங்கள? கால விக்கச் சொல்லிக் கேட்டனா?"

சேலைத் தலைப்பால் அவர் காலைத் துடைக்கப் போனாள். தார் வரவில்லை. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார், அது வேறு யாருடைய காலோ என்கிற மாதிரி.

ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். சித்திரைத் தேரோட்டக் கூட்டத்தால் வண்டிகள் சிக்கியிருப்பதாகவும் நேரமாகும் என்றும் சொன்னார்கள். ஆட்டோவில் ஏற்றுவது அவரை உரலில் போட்டு இடிப்பதற்குச் சமம். சிவப்புக் கார் பக்கத்தில்தான் நின்றது, சாவி ஜோதியின் இடுப்பில் இருந்தது. அந்தக் கதவை அவள் திறக்கவே இல்லை. நஜிமுதீன் பாயைக் கூப்பிட்டாள். வெள்ளை வண்டியைப் பாலம் தாண்டி இந்தக் கரைக்குக் கொண்டுவர முடியுமா, இப்போதே, என்று கேட்டாள். விலை பேசவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

பாய் வரும் வரைக்கும் புளியமரத்தடியில் இளவரசனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தோம். ஜோதி பாலத்தின் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். அந்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. வெள்ளை வண்டி வந்து நின்றதும் பாய் இறங்கி, இளவரசனின் காலைப் பார்த்து "யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தாங்கி ஏற்ற உதவினார். ஜோதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பாய் கையில் வைத்தாள். சிவப்புக் காரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

ஜோதி ஓட்டினாள், இளவரசன் அவள் பக்கத்தில், நான் பின்னால் உட்கார்ந்தேன். வசதியான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நெரிசலில் ஒரு சந்து கிடைத்து மிதித்தால், அந்த வண்டி யோசித்து யோசித்துத்தான் கிளம்பியது. சிவப்புக் காரை வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு வேகம் ஒரு சந்தோஷம். அன்றைக்குத்தான் அது தேவையாக இருந்தது.

பாலம் வந்தது. முதல் இணைப்பு. நான் பழக்கத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமே தெரியவில்லை, ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படியே போயிற்று. இளவரசன் கதவுக்கு மேலே இருந்த பிடிக்குக் கையை உயர்த்தவில்லை.

ஜோதி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "வலிக்குதா? இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல வலிச்சுது. பொய் சொன்னேன்" என்றார். "இப்ப நெசமாவே வலிக்கல, ஜோதி. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் ஒரு கையை நீட்டி அவர் இடது தொடையில் வைத்து அழுத்தினாள். அவர் குனிந்து பார்த்த பிறகுதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.