பெடலில் மாட்டிய கால்

மகளுக்குப் பெர்த்தில் குழந்தை பிறந்தபோது உதவிக்குப் போன என் மனைவி, பிள்ளை தவழட்டும், நடக்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ரந்தாவ் ஊரில் எங்கள் வீட்டில் நான் ஒருவன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக் காலையை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல்தான் மலைச் சைக்கிள் வாங்கினேன். வீட்டுக்குப் பின்னாலேயே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகள் தொடங்கிவிடும்.

கல் நிறைந்த இறக்கங்களில் சைக்கிள் குலுங்கும்போது கால் நழுவி, பெடலின் முள் கெண்டைக்காலைக் கிழித்தது. பக்கத்து நகரமான சிரம்பானில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

"கிளிப்லெஸ் பெடல் போடுங்கண்ணே," என்றார் கடைக்காரர். "சப்பாத்துக்கு அடியில இந்த இரும்புத் துண்ட முடுக்கிடுவோம். மிதிச்சா பெடல் கவ்விக்கும். குதிகால வெளிய திருப்பினா விட்டுரும்."

மேசைமீது இரண்டு ஜோடிகளை வைத்தார். ஒன்று சின்னது. கவ்வும் பகுதியைத் தவிர வேறெதுவும் இல்லை. மற்றதில் சுற்றிலும் அகலமான சட்டம். மாட்டாமலும் அதன்மேல் கால் வைத்து மிதிக்கலாம்.

"யாரோட ஓட்டுறீங்க?"

"ஒண்டியாத்தான்."

"அப்போ அகலமானத எடுங்கண்ணே. சேத்துல காலு மாட்டிக்கிட்டா தூக்கிவிட ஆள் வேணும்லா. ஸ்பிரிங்கையும் லூசா வச்சித் தரேன்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. சின்னதையே எடுத்தேன். ஸ்பிரிங்கை இறுக்கமாகவே வைக்கச் சொன்னேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. மேடு ஏறும்போது காலை மேலே இழுத்தாலும் சக்கரம் சுற்றியது. வீட்டில் எதிலும் ஒட்டாமல் இருந்த எனக்கு, கால் ஓரிடத்தில் இறுகப் பிடிபட்டிருந்தது ஆறுதலாகக்கூட இருந்தது.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், பாதையோரச் சேற்றில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. குதிகாலைத் திருப்பினேன். விடவில்லை. சைக்கிளோடு அப்படியே வாய்க்காலுக்குள் சாய்ந்தேன். கணுக்காலில் சுரீரென்று வலித்தது. சைக்கிள் என்மேல் கிடந்தது. விடுமுறை நாள் என்பதால் குலை வெட்டுகிறவர்கள்கூட யாரும் இல்லை. இரண்டு முறை கத்தினேன். பிறகு கத்துவதற்கே வெட்கமாகிவிட்டது.

கைப்பேசியை எடுத்தேன். விரல் தானாக மனைவியின் எண்ணுக்குத்தான் போனது. மணி அடித்து ஓய்ந்தது. அத்தனை தூரத்திலிருந்து அவள் என்ன செய்ய முடியும்? சப்பாத்தின் பட்டையை அவிழ்த்து, காலை மட்டும் உருவிக்கொண்டேன். சப்பாத்து பெடலிலேயே தொங்கியது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, போன் பண்ணீங்களா? பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்."

"சும்மாத்தான்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

பேரனின் அழுகை கேட்டது. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலில் காலுறையோடு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தேன்.

இரவு வீடியோவில் கால்கட்டைப் பார்த்துவிட்டாள். கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "நான் வரட்டுமா?" என்றாள்.

"இதுக்கு எதுக்கு? வேணாம்."

இன்னொரு முறை கேட்பாள் என்று நினைத்தேன். "சரி, மருந்து தேய்ச்சிட்டுப் படுங்க," என்றாள்.

வீக்கம் வடிந்ததும் அகலமான பெடலை வாங்கிவந்தேன். கடைக்காரர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, சுவரைப் பிடித்தபடி பழகச் சொன்னார். மாலைதோறும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, காலை மாட்டுவதும் விடுவிப்பதுமாக இருந்தேன். இப்போது கால் யோசிக்காமலே திரும்புகிறது. போன ஞாயிறு மேட்டின் உச்சிவரை ஏறிப் போனேன். செம்பனை வரிசைகளுக்கு அப்பால் லாபு பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. மழை வருமுன் இறங்கிவிட்டேன்.