பேசக் கூடாத விளையாட்டு

எட்டு வயதில் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கோடை விடுமுறையில் ஓடுகிற தறிகளுக்கு நடுவே நான் புகுந்து புறப்படுவதைப் பார்த்து அம்மா நடுங்கினாள். கடைசியில் தன் தங்கையிடம் என்னைத் தள்ளிவிட்டாள்.

“ஏட்டி, இவளையும் கூட்டிட்டுப் போ. இங்கன கிடந்தா கையக் கால முறிச்சுக்கிடுவா.”

சித்தி ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். இலங்கையிலிருந்து படகேறி வந்த அகதிகளைச் சிவகிரி போகிற சாலையில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் தங்கவைத்திருந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும், சாயங்காலம் பால் ஊற்றுவதும் அவள் வேலை. வரிசையில் யாராவது முந்தினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். அவ்வளவு கண்டிப்பு.

அன்று சித்தி பால் அண்டாவுக்கு முன்னால் நிற்க, நான் கிட்டங்கியின் பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் செங்கற்களைப் படகு மாதிரி நீளவாக்கில் அடுக்கி, உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனம் கொடுத்த தொளதொள கவுன் போட்ட ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், மடியில் சுருட்டிய துண்டோடு நடுவில் இருந்தாள்.

“நானும் வரட்டா?”

“வா. ஆனா கதைக்கப்படாது.”

உட்கார்ந்தேன். யாரும் துடுப்புப் போடவில்லை, பாடவில்லை, அசையக்கூட இல்லை. இப்படி ஒரு விளையாட்டை நான் கண்டதே இல்லை. கால் மரத்தது. முதுகில் எறும்பு ஊறியது. பொறுக்க முடியாமல், “எப்ப எந்திரிக்கணும்?” என்று கேட்டுவிட்டேன்.

“ஸ்! நேவி வாறான்” என்று அவள் கை என் வாயில் விழுந்தது. இன்னொரு கை மடித்துண்டை அழுத்தியது. என் மூக்கும் சேர்ந்து அடைபட்டது. உதைத்தேன், கையைக் கடித்தேன். அவள் எடுக்கவில்லை. ஒரு பொடியன், “கரை வந்திட்டுது!” என்று கத்தியதும்தான் விட்டாள். எல்லோரும் குதித்து ஓடினார்கள். அவள் மட்டும் துண்டை விரித்து, அதில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“இனி நீ அழலாம்.”

நான் ஊரைக் கூட்டி அழுதுகொண்டு சித்தியிடம் ஓடினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்து நின்றாள். கையில் என் பல் பதிந்திருந்தது.

“ஏட்டி, மூச்சு முட்டிப் போச்சுன்னா என்ன செய்வ?” என்று சித்தி அவளிடம் சத்தம் போட்டாள்.

வரிசையில் தம்ளரோடு நின்ற அவளுடைய அம்மா முன்னால் வந்தாள்.

“அவளை ஏசாதேங்கோ ரீச்சர். நான் செய்ததைத்தான் பிள்ளை செய்யிறாள்.”

சித்தி கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கிட்டங்கிக்குள் கூட்டிப்போனாள். வரிசை கலைந்து போயிற்று. யாரும் முண்டியடிக்கவில்லை. நான் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எங்கள் பஸ் வந்து நின்று, போயும் போய்விட்டது. அவர்கள் வெளியே வரவில்லை.

அடுத்த பஸ்ஸில் சித்தி என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மடியில் உட்காருகிற வயசா எனக்கு? நெளிந்தேன். அவள் விடவில்லை. எனக்காக அவள் ஒருவரையும் அடிக்கவில்லை என்ற கோபம் வேறு.

“அந்த அம்மா என்ன செஞ்சாங்களாம்?”

“அவங்க வீட்ல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு மக்கா.”

“இப்ப எங்க?”

“கடல்ல” என்றாள் சித்தி. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கடலைப் பார்த்ததில்லை. குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டால்கூட அம்மா டெப்போ வரை போய்க் கேட்டு வாங்கி வருவாள். இத்தனை பெரியவர்கள் இருந்தும், இறங்கும்போது ஒரு பிள்ளையை ஞாபகமாகத் தூக்கிக்கொள்ளவில்லையே, திரும்பிப் போய்த் தேடவும் இல்லையே என்று ஊர் வந்து சேரும்வரை மனதுக்குள் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.