கப்பல் போகும் நாளில் உடுப்புத் தோய்க்காத ஊர்

திருகோணமலையில் பிறந்து, இங்கிலாந்தில் இளமையைக் கழித்து, மொன்றியலில் கண்மூடிய எங்கள் மூத்த அண்ணாவுக்கு முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைப் படைக்கிறேன். எழுதத் தெம்பில்லை. எழுதாவிட்டாலும் நெஞ்சு ஆறப்போவதில்லை.

அண்ணா இளவயதிலேயே ஹல் என்ற துறைமுக நகருக்குப் போனார். கப்பல் இயந்திரம் படிக்கப் போனவர், வீட்டு நிலைமையால் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுவிட்டார். அக்காமார் இருவரும் கரைசேர்ந்தது அந்த மீன் வெடுக்கில்தான். பிறகு ஊருக்கு வந்து அண்ணியைக் கைப்பிடித்தார். கனடா வந்த பின்னரும் மீன் அவரை விடவில்லை. மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் மீன்கடையிலேயே ஓய்வு பெறும்வரை நின்றார்.

ஹல்லைப் பற்றி வாய் திறந்தால் அவரை நிறுத்த முடியாது. இங்கிலாந்தெங்கும் தொலைபேசிக் கூண்டு சிவப்பு, அங்கே மட்டும் வெண்ணெய் நிறமாம். பச்சை இஞ்சியின் பெயரில் ஒரு தெருவாம். ஆற்றுக்குக் கிழக்கே ஒரு றக்பி அணி, மேற்கே இன்னொன்று, இரண்டு பக்கத்தாரும் சம்பந்தம் செய்யவே யோசிப்பார்களாம்.

“அந்த மீன் பட்டினத்தை எப்பதான் இறக்கி வைக்கப்போறீங்கள்?” என்று நான் பகிடி பண்ணுவேன்.

“கிழங்கை மசிச்சுப் பொரிச்சு ‘பற்றி’ எண்டு ஒரு பலகாரம் அங்க இருக்கு. அதைத் திண்டுபோட்டுப் பேந்து கதை,” என்பார்.

ஒரு கதையை மட்டும் அவர் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய ஒரே மகன், என் மருமகன், பெற்றோர் பிள்ளையைக் கூப்பிடும் வயது கடந்துவிட்டதால் இங்கே வர முடியாமல் வன்னியில் அகப்பட்டுக்கொண்டான். இந்த வருடம் சித்திரையில் ஒரு காலை, “களப்புத் தண்ணிக்குள்ளால ஆமிப் பக்கம் போறம் அப்பா,” என்று தொலைபேசியில் சொன்னான். அண்ணா திரும்பிப் பார்த்தார். சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தலையணைக்குக் கீழே வைத்திருக்கும் மகனின் பழைய சேர்ட்டை அன்றுதான் தோய்க்கப் போட்டிருந்தா. அண்ணா ஓடிப்போய் வயரைப் பிடுங்கி, சொட்டச் சொட்ட அந்தச் சேர்ட்டை வெளியே இழுத்தார். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

ஹல்லில் அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் கணவர் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் போனவர். கப்பல் புறப்படும் நாளில் அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் உடுப்புத் தோய்க்கமாட்டாளாம். தோய்த்தால் போனவரைக் கடல் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அந்த அம்மா ஒருமுறை மறதியாகத் தோய்த்துவிட்டா. கணவர் வரவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. மருமகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எல்லா முகாம்களிலும் ஆள்விட்டுத் தேடினோம். அண்ணி சாப்பாட்டை மறந்தா. எங்கோ குளிர்க்கரையில் கிடந்த நம்பிக்கை எங்கள் வீட்டைத் தேடி வந்து குடியைக் கெடுத்ததே என்று எனக்குப் பற்றி எரிந்தது. அதைவிட, வாயைத் திறந்து சொன்ன பாவத்தால் அண்ணா துடித்தார். அந்தத் துடிப்புத்தான் அவருடைய இதயத்தை நிறுத்தியது என்பேன், மருத்துவர்கள் என்ன சொன்னாலும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தார். “அது நான் இட்டுக்கட்டின கதை எண்டு அவவிட்டச் சொல்லு. அப்பிடி ஒரு வழக்கம் எங்கயும் இல்லை எண்டு சொல்லு.”

சொன்னேன். அண்ணி என்னையே பார்த்தா. “உங்கட அண்ணாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது மச்சாள்.”

மகனுக்குப் பதிலாகக் கொள்ளி வைத்த என் பிள்ளைக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், பக்கத்து லவாலிலிருந்து நாள்தோறும் வந்து கூட இருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

அஸ்தி கரைப்பது எப்போது என்று பலரும் கேட்கிறீர்கள். அண்ணி கலசத்தைத் தர மறுக்கிறா. “தண்ணிக்கு ஒராளைக் குடுத்தது போதும்,” என்கிறா. மகனைப் பற்றி அவ அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உங்களுக்குச் சொல்ல என்னிடம் குறித்த நாளென்று ஒன்றும் இல்லை.

தங்கை